72 மாணவர்களும் ஒரு கையெழுத்தும்

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கூலிக்கு எழுதிய கதை. வீட்டில் ஒருவர்கூட அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திராத 72 மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கணக்கியலையும் வணிகத்தையும் அறிமுகப்படுத்த, ஓர் ஆடிட்டர் அம்மா தன் அலுவலகத்தில் ஐந்து நாள் முகாம் நடத்தினார். "இதப் பத்தி ஒரு கதை எழுதுங்க. படிச்சா நெஞ்சு நிமிரணும்" என்றார்.

முதல் தொடக்கம்: 'அவள் கண்களில் நம்பிக்கை ஒளி...'

(வேண்டாம். அவள் கண்களில் தூக்கம்தான் இருந்தது.)

2.

முகாம் நடந்த அறையில் 27 நாற்காலிகள். எல்லாம் நிறைந்திருந்தன, யாரும் நிற்கவில்லை. கடைசி வரிசையில் சில்லறை* தூங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் ஆடிட்டர் ஒரு சூட்சுமம் சொன்னார். கணக்கின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல், வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்கோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். சில்லறை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதன்பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் ஒன்பதால் வகுத்தாள்.

கடைசி நாள் ஆடிட்டர் அவளிடம் மட்டும் ஒரு படிவம் நீட்டினார். வாரம் இரண்டு மாலை இங்கேயே பயிற்சி, மேல்படிப்புச் செலவும் அலுவலகத்துடையது. வெள்ளிக்கிழமைக்குள் அம்மாவின் கையெழுத்து வேண்டும்.

* பஸ்ஸில் மீதிக் காசு வாங்காமல் இறங்க மாட்டாள். வண்டியே நிற்கும்.

3.

சிக்கல் இங்கேதான். அவளுடைய அம்மா அதே அலுவலகத்தில் தரை துடைப்பவர். வீட்டில் நடந்ததைச் சில்லறை சொன்னபடியே தருகிறேன்.

"வேற ஆபீஸே கிடைக்கலியா உனக்கு? நான் தொடைக்கிற தரையில செருப்போட நடப்பியா?"

"கழட்டிட்டு நடக்குறேம்மா."

"வாயப் பாரு! 'இந்தாம்மா, டீ கொட்டிருச்சு'ன்னு என்னைக் கூப்பிடுவாங்க. நீ உக்காந்து பாத்துட்டு இருப்பியா?"

சில்லறை சொன்னது இத்தோடு சரி. இதற்கு மேல் எப்படி எழுதுவதென்று எனக்கும் தெரியவில்லை. அதனால் சட்டென்று ஒரு சுபமான முடிவை எழுதிக்கொண்டு, வியாழக்கிழமை மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

4.

சில்லறை சத்தமாக வாசித்தாள். இரண்டாம் பகுதியில் நிறுத்தினாள்.

"சார், மேல 72 பேரு, கீழ 27 நாற்காலி. மத்தவங்க எல்லாம் மடியிலயா உக்காந்தாங்க? வித்தியாசம் நாப்பத்தஞ்சு. ஒன்பதால வகுபடுது. மாத்திப் போட்டுட்டீங்க."

(திருத்தவில்லை. அவள் பிடித்த பிழை, இருக்கட்டும்.)

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எழுதுற சாரையே புடிச்சுட்டியா!"

"டீய யாரு கொட்டினாங்கன்னும் புடிப்பேம்மா."

அம்மாவின் சிரிப்பு நின்றது. மகளிடமிருந்து கதைத் தாளை வாங்கிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கதையில நான் கையெழுத்துப் போடுறேனா?"

"போடுறீங்கம்மா. கண்ணீரோட."

"அத அடிங்க. என் கையெழுத்த நீங்க எப்படிப் போடுவீங்க?"

"அதுக்குப் பேரு மோசடி சார்" என்றாள் சில்லறை. "நாலாம் நாள் பாடம்."

5.

'அம்மா கண்ணீருடன் பேனாவை எடுத்து...' (அடித்துவிட்டேன்.)

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. நான் கிளம்பும்போது அம்மா படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, என் பேனாவையும் கேட்டு வாங்கினார். போட்டாரா என்று நீங்களே முடிவுசெய்யுங்கள். இன்று வெள்ளிக்கிழமை. பேனா இன்னும் திரும்பி வரவில்லை.