வட்டத்துக்குள் பெரியம்மா

என் கட்டுரையின் கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலில் எங்கள் விரிவுரையாளர் க்ளெனிஸ் சிவப்பு வட்டம் ஒன்று போட்டு, "இப்படி ஒரு நூலாசிரியர் இல்லை" என்று எழுதியிருந்தார். வட்டத்துக்குள் நான் எழுதியிருந்தது: குமன்ஜாயி, 1998.

இந்தக் கட்டுரை தேறினால்தான் எனக்கு ஆசிரியை வேலை. பதினோரு வருடமாக எங்கள் ஊர்ப் பள்ளியில் உதவியாளராகப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டாயிற்று. அதற்குமேல் போகத்தான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வந்து, இணையத்தில் தேடவும், எடுத்ததை யாரிடமிருந்து எடுத்தேன் என்று எழுதவும் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் மணலில் தடம் பார்த்தே எண்ணக் கற்றுக்கொள்வதைப் பற்றி ஒரே ஒருவர்தான் புத்தகம் எழுதியிருக்கிறார். என் பெரியம்மா. போன மார்ச்சில் இறந்துபோனார். இறந்தவர் பெயரை ஆஸ்திரேலியப் பழங்குடிகளான நாங்கள் சொல்வதில்லை, எழுதுவதில்லை, படத்தைப் பார்ப்பதுமில்லை. அதே பெயர் உள்ளவர்களைக்கூட இப்போது, பெயருக்குப் பதிலாக வரும் சொல்லான குமன்ஜாயி என்றுதான் கூப்பிடுகிறோம். கடையில் கல்லாவில் உட்காருபவள் உட்பட. கட்டுரையிலும் அப்படியே எழுதிவிட்டேன். வேறு எப்படி எழுத? பெரியம்மாவின் மகள் ரோசிட்டா அக்காவும் இதே வகுப்பில் கடைசி வரிசையில்தான் உட்காருகிறாள்.

க்ளெனிஸ் மெல்பர்னிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. நல்லவர். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் கோபப்படக்கூட வழியில்லை. என்னை முன் மேசைக்குக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

"உண்மையச் சொல்லும்மா. கம்ப்யூட்டர் எழுதிக் குடுத்த பேரா இது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியம்மா இறந்ததையும், பெயர் சொல்லக்கூடாது என்பதையும் சொன்னேன். அவர் உருகிப்போய்த் தலையாட்டினார். ஆனாலும் பெயர் போடாவிட்டால் அது பெரியம்மாவிடமிருந்து திருடியதாகிவிடும், சரிபார்க்க அடிலெய்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், தன் கையில் எதுவுமில்லை என்றார். அந்தப் புத்தகம் இருக்கிறது என்றாவது அவர் நம்பவேண்டுமே என்று வாயைக் கொடுத்தேன்.

"பேரு வேணாம், க்ளெனிஸ். தலைப்ப வச்சுத் தேடிப் பாருங்க."

அவருடைய கணினி சுவர்த் திரையோடு இணைந்திருந்தது என் புத்தியில் உறைக்கவில்லை. அவர் தட்டினார். திரை முழுக்கப் பெரியம்மாவின் பெயர். கீழே பூப்போட்ட சட்டையில் அவருடைய சிரித்த முகம். வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. ரோசிட்டா அக்கா கம்பளித் தொப்பியைக் கண்ணுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் க்ளெனிஸ் அந்தப் பெயரை முழுசாக, உரக்கப் படித்தார்.

"இவங்கதானே?"

பின்னால் ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது. குறுக்கே பாய்ந்து விசைப்பலகையில் எதையோ அழுத்தினேன். படம் இன்னும் பெரிதாயிற்று.