பிடிமானம் அளக்க வந்த விளக்கு

ஆவுடையப்பனின் அம்மா வீட்டின் நடுவறையில் இருந்தாள். பிள்ளைகள் பதினோரு பேரும் அவளைச் சுற்றி மாடிகளில் இருந்தார்கள். முதல் மாடியில் இரண்டு பேர். இரண்டாம் மாடியில் எட்டுப் பேர். கடைக்குட்டி ஆவுடையப்பன் மட்டும் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தான். அவனுக்கு வயது நாற்பத்தாறு.

அந்த வீட்டில் படிக்கட்டு கிடையாது. கொத்தனார் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் இந்த மாடியில் இருப்பார், இல்லாவிட்டால் அந்த மாடியில் இருப்பார். நடுவழியில் யாரையும் யாரும் பார்த்ததில்லை.

அம்மாவையும் யாரும் பார்த்ததில்லை. தொப்புளுக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் இழுப்பு இருக்கும், அதுதான் அம்மா. ஆவுடையப்பனுக்கு அது லேசாகத்தான் இருந்தது. சில நாள் அம்மாவா, பசியா என்றே சந்தேகம் வந்துவிடும். பாவம், யாரிடம் போய்க் கேட்பான்?

ஒரு செவ்வாய்க்கிழமை பிடிமானத் துறையிலிருந்து ரோஸ்லின் என்ற அதிகாரி வந்தாள். கையில் ஒரு விளக்கும் அளக்கிற டேப்பும் இருந்தன.

“இந்த வெளிச்சம் உங்களை வெளிய தள்ளும்,” என்றாள். “எல்லாருக்கும் ஒரே தள்ளுதான். அம்மா பிடியில இருந்து விடுபட அதுல கொஞ்சம் செலவாயிரும். மிச்சத்துக்கு நீங்க ஓடுவீங்க.”

“ரொம்ப தூரம் ஓடுனா?”

“பிடி கம்மின்னு அர்த்தம்.”

ஆவுடையப்பன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

விளக்கு முதல் மாடியைப் பார்த்தது. பெரியக்கா உலகம்மை வாசற்படியில் வந்து விழுந்தாள். தலையில் வைத்த பூகூட நலுங்கவில்லை. “பாத்தியாலே,” என்று மூன்றாம் மாடியைப் பார்த்துச் சொன்னாள். முதல் மாடியின் இன்னொருவரும் அவள் பக்கத்திலேயே விழுந்தார். இரண்டாம் மாடிக்காரர்களில் இரண்டு பேர் சைக்கிள் கடையோடு நின்றார்கள். ஆறு பேர் டீக்கடை வரை போனார்கள். ஒரே மாடிக்குள்ளும் பிடி கூடக் குறைய இருக்கும் என்றாள் ரோஸ்லின். அளந்து முடிந்ததும் மறுபடி அவரவர் மாடியில் இருந்தார்கள்.

ஆவுடையப்பன் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய் விழுந்தான். ரோஸ்லின் டேப்பை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்தாள்.

“கம்மிதான்,” என்றாள்.

“சைபரா?”

“சைபர்னா விளக்கே வேண்டாமே. நீங்க என்னைக்கோ தெருவுல நின்னுருப்பீங்க.”

“அக்காவ மட்டும் அப்படிப் புடிச்சு வச்சிருக்காளே?”

“அம்மா எல்லாரையுந்தான் இழுக்காங்க. நடுவுல பத்துப் பேர் மறிச்சு நிக்காங்களே, சார். நான் என்ன செய்ய?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவன் காதில் ‘கம்மிதான்’ மட்டும் நின்றுவிட்டது. அழுதான். நாற்பத்தாறு வயது ஆள் அழுவதை நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று கேட்கீப்பர் கேட்டை மூடிவைத்தார்.

அவன் விழுந்த பக்கத்தில் ஒரு வீடு இருந்தது. ஜன்னலிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். “தம்பி, எங்க மூணாம் மாடியில ஏழு பேரு. எட்டாவது எடம் காலியாக் கெடக்கு. ஒருத்தருக்கும் தூக்கமே இல்ல. வாங்க.”

ஆவுடையப்பன் அந்த மூன்றாம் மாடியில் இருந்தான். அவன் முதுகுக்கு அளவெடுத்த மாதிரி ஒரு பாய் கிடந்தது. சாப்பாடு போட்டார்கள். மூன்று முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டான். நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருப்பதை நினைத்து வருத்தமாகவும் இருந்தது.

சாயங்காலம் கேட் மணி அடித்தது. ரயில் வரவில்லை. அம்மாவின் வீடு வந்தது.

பத்துப் பேரையும் சுமந்துகொண்டு தண்டவாளத்தைக் கடந்து வந்தது. ஆவுடையப்பன் இருந்த வீட்டின் சுவரோடு ஒட்டி நின்றது. ரோஸ்லின் இதை வேறு செக்‌ஷன்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

உலகம்மை ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். “ஏல, நீ போனதுலருந்து அம்மா இருப்புக்கொள்ளாம கெடக்கா. நாங்க பத்துப் பேரும் புடிச்சுப் பாத்தோம். நிக்கலியே!”

“என்னையத் திரும்பக் கூட்டிட்டுப் போகவா?”

“இல்லலே. பக்கத்துல இருக்கணுமாம், அவ்வளவுதான்.”

இரண்டு சுவர்களும் ஒட்டிய இடத்தில் அதற்குள் உப்புப் பூத்திருந்தது. ஆவுடையப்பன் அதில் கை வைத்தான். தொப்புளுக்குப் பக்கத்தில் லேசாக இழுத்தது. அன்று அவன் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தான்.