இன்னும் ரெண்டு அத்தியாயம்

"மதினி, ஒண்ணே ஒண்ணு. முனைவர்னு போட்டுரவா?"

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த முனீஸ்வரியின் காதருகே குனிந்து கேட்டான் கொழுந்தன் சுந்தரபாண்டியன். கையில் செல்போன். மறுமுனையில் ஃபிளெக்ஸ் கடைக்காரர் காத்திருந்தார்.

பெட்டிக்குள் அவள் கணவர் பாண்டிதுரை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியின் முதல்வர். நேற்று சாயங்காலம் பாராட்டு விழா மேடையில் ஏழாவது பொன்னாடையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர் கண்ணை மூடினார். புகழுரையில் உருகிவிட்டார் என்று கூட்டம் நினைத்தது. பேச்சாளரும் அப்படியே நினைத்ததால் இன்னும் இருபது நிமிடம் உருக்கினார். ஏற்புரைக்கு எழுப்பியபோதுதான் தெரிந்தது.

"அவிய இன்னும் முடிக்கலை," என்றாள் முனீஸ்வரி. "ஆய்வேட்டுல ரெண்டு அத்தியாயம் பாக்கி இருக்கு."

"அது யாருக்குத் தெரியப்போகுது மதினி?"

நாற்காலியில் இருந்த பள்ளித் தாளாளர் தங்கப்பாண்டியன் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, போன வருசமே ஸ்கூல் நோட்டீசுல முனைவர்னு போட்டாச்சு. இப்ப எடுத்தா, பிள்ளையச் சேத்தவங்க என்ன நெனைப்பாங்க? சாவு வீட்ல வந்து பட்டத்தைப் புடுங்குனாப்புல இருக்கும்."

தங்கப்பாண்டியனும் முனைவர்தான். அவருடைய பட்டம் மதுரையில் ஒரு ஓட்டலில் மதியச் சாப்பாட்டோடு சேர்த்து வழங்கப்பட்டது.

பாண்டிதுரையின் படிப்பு அப்படிப்பட்டதல்ல. அசல் பல்கலைக்கழகம். வேலையில் இருப்பவர்களுக்கான ஆன்லைன் முனைவர் படிப்பு, கல்வியியல். சனி, ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு வகுப்பு. ஒரே சிக்கல், ஊரில் விழாக்களும் சனி, ஞாயிறு சாயங்காலம்தான் நடக்கும். விழா என்றால் பாண்டிதுரை இல்லாமல் குத்துவிளக்கு எரியாது.

"நீ செத்த நேரம் உக்காரு. பேரைக் கூப்பிட்டா பிரசென்ட்னு டைப் பண்ணு. போதும்," என்று முதல் வாரம் லேப்டாப்பை அவள்முன் வைத்துவிட்டுப் போனார். அந்தச் செத்த நேரம் மூன்று வருடம் நீண்டது.

முனீஸ்வரியும் பி.எட். தான். கல்யாணத்துக்கு முன்னால் சேத்தூரில் இரண்டு வருடம் பாடம் எடுத்தவள். 'ரெண்டு பேரும் போயிட்டா வீட்டை யாரு பாக்குறது?' என்று அவர் கேட்டதற்கு, வீட்டில் இருந்தே பதில் சொன்னவள். கேமராவும் மைக்கும் அணைந்த சதுரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து முதலில் பிரசென்ட் போட்டாள். பிறகு நோட்டு வாங்கிக் குறிப்பெடுத்தாள். ஒருநாள், பாண்டிதுரை என்ற பெயரிலேயே, ஒரு கேள்வியைத் தட்டி அனுப்பினாள். அதற்கப்புறம் அத்தியாயங்களும் அவள் கையெழுத்தில்தான் பிறந்தன.

விழாவிலிருந்து திரும்பிச் சாப்பிட உட்காரும்போது அவர் கேட்பார்.

"இன்னைக்கு நான் என்ன கேட்டேன்?"

அவருக்குச் சொல்லவேண்டிய வரிகளுக்கு நோட்டில் நட்சத்திரம் போட்டு வைத்திருப்பாள். வாசித்துக் காட்டுவாள். அவர் பிசைவதை நிறுத்திவிடுவார்.

"ஏட்டி, இதை நானா கேட்டேன்?"

"ஆமா. நல்ல கேள்வின்னு மேடம் சொன்னாங்க."

"எனக்கு எப்பிடித்தான் தோணுச்சோ," என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். பிறகு, "இன்னொருக்கா சொல்லு, வெளங்கலை," என்பார். ரசம் ஆறிவிடும். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் பேச அவர் கேட்டது அந்தத் தட்டுக்கு முன்னால்தான்.

"பொறவு இன்னொண்ணு தங்கச்சி," என்றார் தங்கப்பாண்டியன். "அந்த லேப்டாப்பு ஸ்கூலோடது. ஒண்ணும் அவசரமில்லை. நாளைக்குக் காலைல ஆள் அனுப்புறேன்."

மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது. ஃபிளெக்ஸ் வந்து சேர மூன்றரை ஆயிற்று. முனைவர் என்ற சொல்லை நடுத்தெருவிலிருந்தே படிக்க முடிந்தது. பாண்டிதுரை என்பதைப் படிக்கக் கொஞ்சம் கிட்டே வரவேண்டியிருந்தது. கீழே படத்தில் தங்கப்பாண்டியன் கைகூப்பி நின்றார், இறந்தவரைவிட ஒரு சுற்று மட்டும் சிறியதாக.

மகன் ஹரிகிருஷ்ணன் தீச்சட்டியோடு முன்னே நடந்தான். பட்டாளத்திலிருந்து காலையில்தான் வந்து இறங்கியிருந்தான். தெருமுனை வரை போன பெண்கள் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். முனீஸ்வரிக்குத் தலையில் தண்ணீர் ஊற்றி, சேலை மாற்றி உட்கார வைத்தார்கள்.

ஐந்து மணிக்கு அவள் செல்போனில் ஞாயிறு வகுப்பின் அலாரம் அடித்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"யாரு போன்ல மதினி?" என்றாள் நாத்தனார் மாரிக்கனி.

"ஒண்ணுமில்லை. நான் செத்த படுக்கேன்."

உள்ளறைக் கதவைச் சாத்தினாள். லேப்டாப்பைத் திறந்தாள். ஈரத் தலையிலிருந்து சொட்டியது. பள்ளிப் பொருளாயிற்றே என்று முந்தானையால் துடைத்தாள். திரையில் ஒவ்வொரு சதுரமாகப் பெயர்கள் வந்தன. பாண்டிதுரையும் வந்தார்.

கிருபாபாய் மேடத்தின் முகம் சோர்ந்திருந்தது.

"இன்னைக்கு வகுப்பு இல்லை. நம்ம பாண்டிதுரை சார் நேத்து தவறிட்டாங்க. சேர்க்கை நேர்காணல்ல ஒருதரம்தான் அவர் குரலைக் கேட்டிருக்கேன். மைக் ரிப்பேர்னு எழுதியே கேப்பாங்க." கண்ணாடியைக் கழற்றினார். "போன ஞாயித்துக்கிழமை, படிப்பு ஆர்வத்தை அளக்குற கேள்வித்தாளைப் பத்திப் பேசிட்டிருந்தோம். 'யாரும் மார்க் போடாத இடத்துல ஒருத்தர் படிச்சுட்டே இருந்தா, அதை எந்தப் படிவத்துல குறிப்பீங்க?'ன்னு சார் கேட்டாங்க. அடுத்த ஞாயிறு சொல்றேன்னேன். ஒரு வாரமா யோசிச்சேன். எனக்குத் தெரியலை."

"மேடம்," என்றார் சாம்சன் என்ற மாணவர். அவருக்கும் ஐம்பது வயதிருக்கும். "சார் பேரு லைன்ல இருக்கு."

கிருபாபாய் கண்ணாடியை மறுபடி மாட்டித் திரையைப் பார்த்தார்.

"வீட்ல யாராவது தெரியாமத் தொட்டிருப்பாங்க. எடுத்துருங்க மேடம்," என்றது இன்னொரு குரல்.

முனீஸ்வரியின் விரல் மைக் படத்தின்மேல் போய் நின்றது. மூன்று வருடத்தில் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. அழுத்தினால் போதும், கேட்க அங்கே இருபத்தோரு பேர் இருந்தார்கள்.

"இருக்கட்டும்," என்றார் கிருபாபாய். "எடுக்க வேண்டாம். எல்லாரும் ஒரு நிமிஷம் அமைதியா இருப்போம்."

விரலை எடுத்துக்கொண்டாள். சதுரங்கள் தலை குனிந்தன. பாண்டிதுரையின் சதுரம் மட்டும் எப்போதும்போல இருந்தது.

வாசலில் வாளிச் சத்தம் கேட்டது. மயானத்திலிருந்து திரும்பியவர்கள் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். "அம்மா எங்க?" என்று ஹரிகிருஷ்ணன் யாரிடமோ கேட்டான்.

முனீஸ்வரி நோட்டை விரித்துத் தேதி போட்டாள். மேடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். எழுதி முடித்ததும், ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டாள்.