பொன்னாடை விழுங்கிய தோமான்

போன வருஷம் மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பதினொன்றரை மணிக்கு, பூச்சோங்கில் உள்ள கட்டணத் தூண்டில் குளம் ஒன்றில், பக்கிரிசாமி என்பவரின் பட்டங்கள் அனைத்தையும் ஒரு தோமான் மீன் விழுங்கியது. மொத்தம் நான்கு பட்டங்கள்: கொடைச்சுடர், சேவைச்செம்மல், தமிழ்நெஞ்சர், சுல்தான் தந்த டத்தோ. அன்று வெயில் அதிகம். வந்தவர்களுக்கு மீகூன் சேமியாவும் சிரப் தண்ணீரும் கொடுத்தார்கள்.

பக்கிரிசாமி கிள்ளானில் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கத்துக்குப் பதினோரு வருஷமாகத் தலைவர். ஆயிரம் திலாப்பியாக் குஞ்சுகளைக் குளத்தில் விட்டு, ‘ஆயிரம் உயிர்களுக்கு வாழ்வளிக்கும் விழா’ நடத்துவது என்று சங்கம் முடிவு செய்திருந்தது. குளத்தைப் பார்த்துக்கொள்ளும் மலர்விழி, இது தோமான் குளம், குஞ்சு ஒன்றுகூட மிஞ்சாது என்று செயலாளரிடம் இரண்டு முறை போனில் சொன்னார். செயலாளர் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார். வரவேற்புரை நாற்பது நிமிஷம் ஓடியது. ‘அவர்களே, அவர்களே’ என்று முப்பத்தொரு பேரை விளித்து முடிப்பதற்குள், பிளாஸ்டிக் பைகளில் இருந்த குஞ்சுகளில் கால்வாசி வயிற்றை மேலே காட்டிவிட்டன. பிறகு பக்கிரிசாமிக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, குளத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனார்கள்.

தோமான் விரால் சாதியில் பெரியது. ஆள் தொடை அளவுக்கு வளரும். வாய்க்குள் நாய்ப்பல் வரிசை. முதல் பையைக் கவிழ்த்ததும் தண்ணீர் கொதித்தது. சில மீன்கள் குஞ்சுகளை முழுதாக விழுங்கின, சில பாதியாகக் கடித்து மீதியை மிதக்கவிட்டன. வாயில் ஒரு வால் துடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததன் மேல் பாய்ந்தன. வயிறு புடைத்தவை தின்றதைக் கக்கின. கக்கியதைப் பக்கத்து மீன் தின்றது. கூழும் செதிலும் முன்வரிசைப் பிரமுகர்களின் வெள்ளைச் சட்டையில் தெறித்தன. அறிவிப்பாளர் எழுதி வைத்திருந்ததை விடாமல் படித்தார்: “இதோ, தலைவரின் திருக்கரங்களால் அந்தச் சின்னஞ்சிறு உயிர்கள் விடுதலை பெறுகின்றன.” படம் பிடிப்பவர் இன்னும் கொஞ்சம் குனியச் சொன்னார். பக்கிரிசாமி குனிந்தார். பொன்னாடையின் ஜரிகைக் குஞ்சம் தண்ணீரைத் தொட்டு மினுக்கென்று ஆடியது. எல்லாவற்றிலும் பெரிய தோமான் எழும்பி, ஆறு முழப் பொன்னாடையையும் மீ நூடுல்ஸ் உறிஞ்சுவது போல ஒரே இழுப்பில் உறிஞ்சிக்கொண்டது. பழக்கத்தில் எல்லோரும் கை தட்டினார்கள்.

நன்றியுரையில்தான் விஷயம் தெரிந்தது. அறிவிப்பாளர் ‘டத்தோ’ என்று சொல்ல வாய் திறந்தார். மீன்குடல் நாற்றமடிக்கும் ஓர் ஏப்பம்தான் வந்தது. ‘கொடைச்சுடர்’ என்று முயன்றார், இன்னொரு ஏப்பம். ‘பக்கிரிசாமி’ மட்டும் சுத்தமாக வந்தது. பின்னால் கட்டியிருந்த பதாகையிலும் அந்தப் பெயருக்கு முன்னால் வெறும் துணி. அந்த மாதமே வங்கியிலும் கிளினிக்கிலும் அப்படித்தான் ஆனது. கிளினிக் பெண் “பக்கிரிசாமி, ரூம் டூ” என்று கூப்பிட்டபோது, இருபத்திரண்டு வருஷமாகத் தனியாக யாரும் உச்சரிக்காத அந்தப் பெயர் தனக்குத்தான் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. ஜூனில் அவருடைய மணிவிழா. பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் ஆயிரத்து இருநூறு பேருக்கு அழைப்பு. பத்திரிகையை மூன்று முறை அச்சடித்தார்கள். மூன்று முறையும் பெயருக்கு முன்னால் இரண்டு அங்குலம் வெள்ளையாக வந்தது. மொட்டைப் பெயரோடு மேடையேறுவதைவிட விழாவையே நிறுத்திவிடலாம் என்றார் பக்கிரிசாமி. அவருடைய மனைவி இராஜம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: “ஏங்க, அந்தப் பேரோடதானே உங்களைக் கட்டிக்கிட்டேன். திரும்பவும் அதோடயே கட்டிக்கிறேன், வாங்க.”

பக்கிரிசாமி பொன்னாடையை மீட்கக் குளத்துக்குப் போனார். இரண்டு மாதம், நாள் தவறாமல். செலாயாங் மொத்தச் சந்தைக்கு லோரி ஓட்டும் ஷம்சுதீன் லீவு நாளெல்லாம் அங்கே தூண்டில் போடுபவர். அவர்தான் பக்கிரிசாமிக்குத் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். தவளை, விலாங்கு, கோழிக்குடல் என்று எதைப் போட்டாலும் மற்ற தோமான்கள்தான் வந்தன. பெரியதை அவர் பார்க்க மட்டுமே முடிந்தது. தன் உடம்பில் பாதி நீளமுள்ள கெளுத்தியை அது விழுங்கப் பார்த்ததையும், வால் உள்ளே போகாமல் இரண்டு நாள் வாயில் அழுகித் தொங்கியதையும், அந்த வாலோடேயே அது ஒரு வாத்துக்குஞ்சின் மேல் பாய்ந்ததையும் பார்த்தார். தோமான் தன் செங்குஞ்சுகளைக் கூட்டமாக மேய்த்துக் காவல் காக்கும். அன்னையர் தின உரையில் அவரே அதை உதாரணம் காட்டியிருக்கிறார். ஒரு மாலை அந்தப் பெரியது தன் குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் எழும்பி, வாயைத் திறந்து, மூடியது. கூட்டத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. பக்கிரிசாமி அன்று ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றார்.

“அதுக்குப் பசியெல்லாம் இல்லண்ணே. மினுக்கணும், ஆடணும். அவ்ளோதான்லா. வயிறு கிழிஞ்சாலும் வாய மூடாது” என்றார் ஷம்சுதீன். மீனைப் பற்றித்தான் சொன்னார்.

இதைக் கேட்ட பிறகுதான் பக்கிரிசாமிக்கு வழி தெரிந்தது. கிள்ளான் வீட்டில் மூன்று அலமாரி நிறையப் பொன்னாடைகள் இருந்தன. ஒரு விழாவில் வாங்கியதை மடித்து வைத்து அடுத்த விழாவில் வேறொருவருக்குப் போர்த்துவது எல்லாச் சங்கத்திலும் உள்ள வழக்கம். அதனால் அவற்றில் எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பட்டம் எதுவும் ஒட்டாத ஒன்றாகப் பார்த்து, அதன் ஜரிகையை வெட்டி முள்ளில் கட்டி, மணிவிழாவுக்கு முந்தின நாள் காலை குளத்தில் ஆட்டினார். மூன்றாவது ஆட்டத்தில் பெரியது பிடித்தது. இருபது நிமிஷம் இழுத்தது. கரைக்கு அருகில் வந்ததும், மாட்டிக்கொண்ட தோமான்கள் செய்வதையே செய்தது: உடம்பை இலேசாக்க வயிற்றில் இருந்ததையெல்லாம் கக்கிவிட்டு, முள்ளை உதறி ஓடிவிட்டது. பக்கிரிசாமியின் காலடியில் பாதி கரைந்த தவளைகள், கண் மட்டும் மிஞ்சிய குஞ்சுகள், ஒரு ரப்பர் செருப்பு, இவற்றோடு பச்சைக் கோழையில் சுருண்டு அவருடைய பொன்னாடை கிடந்தது. எடுத்து உதறித் தோளில் போட்டார்.

“டத்தோ!” என்றார் மலர்விழி. சொல்லிவிட்டுத் தானே திகைத்து, வாயைத் துடைத்துக்கொண்டார். அந்த வார்த்தை சுத்தமாக வந்திருந்தது.

நாற்றம் எப்படிப்பட்டது என்றால், பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த இருவர் கட்டிய காசைக் கேட்காமலே எழுந்து போனார்கள். துவைத்துவிட்டுப் போடலாமே என்று ஷம்சுதீன் சொன்னார். குழாயடியில் ஒரு முனையை மட்டும் அலசினார்கள். கோழை போனது; கூடவே தமிழ்நெஞ்சரும் போய்விட்டார், எத்தனை முறை சொல்லிப் பார்த்தும் வரவில்லை. பக்கிரிசாமி அவசரமாகக் குழாயை மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் இராஜம்மா வாசற்படியிலேயே நிறுத்தினார். அவர் கோபப்படவில்லை. “தோ பாருங்க, தாலி கட்டறப்போ என் முகமும் உங்க முகமும் இவ்ளோ கிட்டத்துல இருக்கும். அந்தத் துணியா, வெறும் பக்கிரிசாமியா? நீங்களே முடிவு பண்ணுங்க” என்று சாணளவு கையை விரித்துக் காட்டினார். பக்கிரிசாமி ராத்திரி முழுக்க முடிவு பண்ணினார்.

காலையில் பொன்னாடையோடுதான் மேடையேறினார். அறிவிப்பாளர் மூன்று பட்டங்களையும் முழங்கினார். ஐயர் மந்திரத்தைப் பாதியாகச் சுருக்கினார். இராஜம்மா தாலிக்குக் கழுத்தை நீட்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். மூன்று முடிச்சும் விழும்வரை அடக்கியிருந்தார். பிறகு எழுந்து, மணமேடையை விட்டு இறங்கி, பின்வரிசையில் மின்விசிறிக்கு அடியில் போய் உட்கார்ந்தார். ஆயிரத்து இருநூறு பேரும் வரிசையில் வந்து பக்கிரிசாமியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. பொத்தினால் டத்தோவுக்குப் பக்கத்தில் நின்று பழக்கமில்லாதவர் என்று தெரிந்துவிடும். போட்டிச் சங்கத்தின் தலைவர் மட்டும் சற்றுக் கூடுதல் நேரம் அணைத்து, ஆழமாக முகர்ந்து, எந்தக் குளம் என்று காதில் கேட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து மலர்விழிக்கு ஓய்வில்லை. பிரமுகர்கள் பொன்னாடையோடு வந்து கரையில் குனிகிறார்கள். தோமான் விழுங்குகிறது, இரண்டு மாதம் கழித்துக் கக்குகிறது. ஏற்கெனவே நிறைந்திருந்தால் முந்தினவருடையதைக் கக்கிவிட்டு வாங்கிக்கொள்கிறது. இப்போது பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் மண்டபங்களில் வரவேற்புக் குழுவினர் அழைப்பிதழைப் பார்ப்பதில்லை. வாசலில் நின்று முகத்தைச் சற்று உயர்த்துகிறார்கள். நாற்றம் எட்டியதும் முன்வரிசைக்குக் கைகாட்டுகிறார்கள். வாடை இல்லாதவர்களுக்கு நடுவரிசை. பின்வரிசையில் பெரும்பாலும் மனைவிமார். அங்கே மின்விசிறிகளைக் கூடுதலாக மாட்டியிருக்கிறார்கள்; பக்கிரிசாமியின் கடையிலிருந்துதான் வாடகைக்கு எடுக்கிறார்கள்.