மல்லாட்டைக் கொல்லையில் பதினாலு நாள்

எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பத்து வருஷமும் மே மாதம் பிறந்தால் என் வீட்டுக்காரர் ஆனந்தராஜ் ஏற்காடு கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்வார், நானும் தலையாட்டுவேன். ஒரு வருஷம் போர் மோட்டார் எரிந்துபோனது. ஒரு வருஷம் கொழுந்தன் தமிழ்மணி பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். ஒரு வருஷம் பெட்டி கட்டி, கூட்டேரிப்பட்டு வரைக்கும் போய், பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது மாமனாருக்கு நெஞ்சு எரிகிறது என்று போன் வந்தது. பதறியடித்துத் திரும்பி வந்து பார்த்தால் மனிதர் கூடத்தில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார்.

ஏற்காட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். நாலு நாள் நான் அடுப்பு முகத்தில் விழிக்கக் கூடாது. யாராவது ஆக்கிக் கொண்டுவந்து வைக்க வேண்டும், நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனபோதுகூடப் பதினைந்தாம் நாள் எழுந்து ரசம் வைத்தவள் நான்.

கொரோனா வந்த முதல் கோடையில் அந்த ஆசை வெறியாகவே மாறிவிட்டது. திண்டிவனத்தில் அவர் வேலை பார்த்த செல்போன் கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் ஆறு பேரும் இருபத்துநாலு மணி நேரமும் இருந்தோம். மாமனார் அப்பாதுரை, மாமியார் வெள்ளையம்மாள், தமிழ்மணி, நாங்கள் இரண்டு பேர், எங்கள் மகள் வேணி. சும்மா இருக்கிற மனிதனுக்கு எப்படித்தான் அப்படிப் பசிக்குமோ. காலையில் கேப்பைக் கூழ் குடித்த தம்ளரைக் கழுவுவதற்குள் பத்து மணிக் காபி கேட்பார்கள்.

"இந்த வருஷம் கண்டிப்பா போறோம்" என்றார் ஆனந்தராஜ். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். போனில் விண்ணப்பித்தார். பயணத்தின் காரணம் என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதினார். பத்தே நிமிஷத்தில் நிராகரித்துப் பதில் வந்தது.

நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் போனில் ஒரு வீடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏதோ வெளிநாட்டில் ஊரடங்கில் மாட்டிக்கொண்டவர்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தோப்பிலேயே கூடாரம் போட்டு விடுமுறை கழிக்கிறார்களாம்.

"நம்ம கொல்லையில போட்டுக்கலாம் சித்ரா. சமையல் மொத்தமும் என்னுது. நீ கால நீட்டிக்கினு உக்காந்துக்கோ."

எங்கள் ஊர் கிளியனூருக்குப் பக்கம். மல்லாட்டைக் கொல்லை, அதாவது நாங்கள் வேர்க்கடலை போடுகிற நிலம், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இராது. சித்திரையிலேயே மல்லாட்டையைப் பிடுங்கிவிட்டதால் வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் நாலு சவுக்குக் கொம்பு நட்டு, மல்லாட்டை காயவைக்கிற நீலத் தார்ப்பாயை மேலே இழுத்துக் கட்டினார். வேணிக்கு ஒரே குஷி. எனக்கும், பொய் சொல்வானேன், கொஞ்சம் மனசு துள்ளியது.

மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி அவர் உலை வைப்பதற்குள் வரப்பில் மாமனார் தலை தெரிந்தது. மோட்டார் போட வந்தாராம். பயிரே இல்லாத கொல்லைக்கு எதற்குத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. "ஒரு வாய் காபி இருந்தா குடு சித்ரா" என்று உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே தமிழ்மணி வந்தான். அவன் நியாயஸ்தன், கையிலேயே தட்டு கொண்டுவந்திருந்தான். கடைசியாக மாமியார் ஒரு கூடையோடு வந்தார்.

"மீன்காரன் வந்தான், வாங்கிட்டேன். கெட்டுப்பூடும், ஜல்தியா ஆக்கிடும்மா" என்று கூடையை என் மடியில் வைத்தார்.

ஆக, என் விடுமுறையின் முதல் நாள் நான் உச்சி வெயிலில், குந்தி உட்கார்ந்து, மூன்று கல் அடுப்பில் ஆறு பேருக்கு மீன் குழம்பு வைத்தேன். வீட்டிலாவது கேஸ் இருந்தது. அவர்கள் விரலை நக்கிவிட்டு எழுந்து போன பிறகு நான் ஆனந்தராஜை ஒரு பார்வை பார்த்தேன். மீன் கழுவிய இடத்தில் ஈ மொய்த்தது. ஏதாவது செய்துதான் தீர வேண்டும் என்று அவசரமாக நாலு கொத்து வேப்பிலையை ஒடித்துக் கூடாரத்து வாசலில் இரண்டு பக்கமும் செருகினார்.

எங்கள் பக்கம் வாசலில் அப்படி வேப்பிலை செருகினால் உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்நியர் யாரும் கிட்டே வரமாட்டார்கள். ஊருக்கு வெளியே, தனிக் கூடாரத்தில், அதுவும் அந்த வருஷம் அப்படிச் செருகினால் என்ன அர்த்தமாகும் என்று அவருக்கும் தோன்றவில்லை, கோபத்தில் இருந்த எனக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த மண்ணாங்கட்டி முதலில் வேப்பிலையைப் பார்த்தார். ஆடுகளை அப்படியே நிறுத்தினார்.

"இன்னாப்பா ஆனந்து, இங்க இன்னா பண்றீங்க?"

பொண்டாட்டியை விடுமுறைக்குக் கூட்டி வந்திருக்கிறேன் என்று சொல்ல என் வீட்டுக்காரருக்கு வெட்கம். "காவலுக்கு" என்றார்.

"மல்லாட்டை புடுங்கின கொல்லையில இன்னாத்துக்குப்பா காவல்?" என்று கேட்ட மண்ணாங்கட்டி, பதிலுக்குக் காத்திருக்காமல் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆடுகளைத் திருப்பி ஓட்டினார். அன்றைக்கு ஓடிய மாதிரி அந்த ஆடுகள் ஓடி நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மலர்விழி வந்தாள். கொரோனா வேலைக்குப் பஞ்சாயத்தில் போட்டிருந்த எங்கள் ஊர்ப் பெண். நல்ல வெயில். தூரத்திலேயே நிற்கவைத்து, கையை மட்டும் நீட்டி, ஜுரம் பார்க்கும் துப்பாக்கியை எங்கள் நெற்றிக்குக் குறி வைத்தாள். எனக்கு நூற்றியொன்று. ஊதி ஊதி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஆனந்தராஜுக்கு நூற்றி மூன்று.

"வெயில்ல நிக்கிறோம் மலரு, காயாதா? உன் நெத்திக்கு வெச்சுப் பாரு" என்றேன்.

"எனக்கு எதுக்குக்கா, நான் நல்லாத்தான கீறேன்" என்றாள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, மாமனாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "பெரியவரே, இவங்க எத்தினி நாளா இங்க கீறாங்க? நீங்க யாராச்சும் வந்து போனீங்களா?"

என் மாமனார் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "ஒரு வாரமா அந்தப் பக்கமே போகலம்மா. மூஞ்சியக்கூடப் பாக்கல."

முந்தின நாள் அவர் தின்ற வஞ்சிரத்தின் முள் இன்னும் என் காலடியில் கிடந்தது. மாமியாரும் பார்க்கவில்லையாம். தமிழ்மணிக்கு அந்தக் கொல்லை எந்தத் திசையில் இருக்கிறது என்பதே சரியாக ஞாபகமில்லையாம். மலர்விழி பரிதாபமாக எங்களைப் பார்த்தாள். தனிமைப்படுத்தும் வீட்டுக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர் தார்ப்பாயில் நிற்கவில்லை. மோட்டார் கொட்டகைக் கதவில் ஒட்டினாள். பதினாலு நாள் தனிமை. யாரும் உள்ளே வரக் கூடாது, நாங்கள் வெளியே போகக் கூடாது.

"சோத்துக்கு?" என்று கேட்டார் ஆனந்தராஜ்.

"வூட்லேர்ந்து கொண்டாந்து வரப்புல வெச்சிட்டுப் போவாங்கண்ணா. சமைக்கிற வேலையெல்லாம் வெச்சுக்காதீங்க, ரெஸ்ட்டு எடுக்கணும்."

இதைக் கேட்டதும் என் உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி ஓடியது. ஊரில் நிஜமாகவே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவர்கள் இருந்த காலம் அது. எனக்குத் தெரியும், வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அதற்கு மேல் சந்தோஷமாக இருந்தது.

அன்று மத்தியானம் மாமியார் கேரியரை வரப்பில் வைத்து, இரண்டு தடவை கையைத் தட்டிவிட்டு இருபதடி பின்னால் போய் நின்றார். சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல். நான் வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டேன். பாதிச் சோற்றில் அழுகை வந்துவிட்டது. வேணி என் கண்ணைத் துடைத்துவிட்டு, "காரமா இருக்குதாம்மா?" என்று கேட்டாள்.

அப்படி ஐந்து நாள் போனது. பம்பு செட்டில் குளித்தேன். பகலில் தூங்கினேன். வெங்காயம் நறுக்கிய கோடு என் கட்டைவிரலிலிருந்து மறையத் தொடங்கியது. மூன்று வேளையும் நேரம் தவறாமல் கை தட்டும் சத்தம் கேட்டது. ஐந்தாம் நாள் மாமியார் கேரியரை வைத்துவிட்டுப் போகாமல், நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றார்.

"நல்லா கீதா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா கீது அத்தை" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

அவர் முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வேப்பமர நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காலிக் கேரியரை எடுத்துக்கொண்டு மெதுவாகப் போனார்.

ஆறாம் நாள் காலை கை தட்டும் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால், மாமியார் கக்கத்தில் ஒரு தலையணையும் கையில் பாயுமாக வரப்பைத் தாண்டி நேராக உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"அத்தை, வரக் கூடாது, பதினாலு நாளு..."

"எனக்கும் தொண்டை கரகரங்குது" என்றார், கோயில் மணி மாதிரி கணீரென்ற குரலில். "மலருகிட்ட சொல்லிட்டேன். கேரியர் தொட்டுக்கினு இருந்தீங்க இல்ல, நீங்களும் அங்கயே இருங்கன்னு சொல்லிச்சு."

பாயை விரித்தார், படுத்தார், அந்த நிமிஷமே தூங்கிப்போனார். மாமியார் பகலில் படுத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மத்தியானம் வரைக்கும் எழவில்லை.

இனி கேரியர் வராது. ஆனந்தராஜ் என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். பிறகு நான் என் பாயை அவர் பக்கத்தில் விரித்துப் படுத்துக்கொண்டேன். பத்து வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கஞ்சி வைத்தார். அது கஞ்சியா பசையா என்று வேணிக்குக் கடைசிவரை சந்தேகம். நாங்கள் இருவரும் இரண்டு தடவை வாங்கிக் குடித்தோம்.

எட்டாம் நாள் சாயங்காலம் மாமனார் மலர்விழியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து வரப்பில் நின்றார். தாடி முளைத்து, சட்டையில் அடிப்பிடித்த பாத்திரத்துக் கரியோடு, பார்க்கவே பேஜாராக இருந்தார்.

"இவங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா. ஜாலிக்கு வந்து படுத்துக்கினு கீறாங்க. அந்த வேப்பல, ஈ ஓட்றதுக்கு வெச்சது. நான் சொல்றேன், எல்லாரையும் வூட்டுக்கு அனுப்பு."

மாமியார் எழுந்து உட்கார்ந்து தலையணையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் மனசு வரவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும் பெரியவரே? நீங்கதான் மூஞ்சியக்கூடப் பாக்கலன்னு சொன்னீங்களே" என்றாள் மலர்விழி.

"அன்னைக்குப் பயத்துல சொல்லிட்டேம்மா. மொத நாளே வந்தேன். ஒண்ணா உக்காந்து மீன் கொழம்பு சாப்ட்டேன். எனக்கு எதனா ஆச்சா, பாரு."

"ஒண்ணா உக்காந்தா? வேற யாரு கூட இருந்தாங்க?"

"தமிழ்மணியும்தான்."

மலர்விழி நோட்டைத் திறந்தாள். இரண்டு பேரையும் எழுதினாள். பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் எடுத்து அதிலிருந்த நம்பரைப் பார்த்துக்கொண்டாள். "வாங்க பெரியவரே, வூட்டுக் கதவுல ஒட்டணும். உங்களுக்கும் தம்பிக்கும் இன்னைலேர்ந்து பதினாலு நாளு. தொட்டவங்க யாரும் வெளிய வரக் கூடாது, இவங்களும் அங்க வரக் கூடாது. அரிசி பருப்பு வாசல்ல கொண்டாந்து வெக்கச் சொல்றேன், நீங்களே பொங்கிக்குங்க."

மாமனார் திரும்பித் திரும்பி மாமியாரைப் பார்த்துக்கொண்டே போனார். மாமியார் மறுபடியும் படுத்துக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் போன் அடித்தது. மாமனார். "சித்ரா, உப்பு எங்கம்மா கீது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் கை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"அடுப்புக்கு நேர் மேல, ரெண்டாவது பலகையில பாருங்க" என்றார், கோபமே இல்லாமல். "நாப்பது வருஷமா அங்கதான் கீது."