சக்கரபாணி, எம்.எஸ்சி. நிலவியல்

வெள்ளாறு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் மையத்தில் மூன்று ஜன்னல்கள் இருந்தன. ஒன்றின் மேல் 'உதவி' என்று எழுதியிருக்கும், அடுத்ததன் மேல் 'நிதி', மூன்றாவதன் மேல் 'பயிற்சி'. உதவி ஜன்னலுக்குப் பின்னால் பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்துவிட்டதால் அதைத் திறக்க வழியில்லை. நிதி ஜன்னல் திறக்கும்; திறந்தால் உள்ளே ஆள் இருக்காது. பயிற்சி ஜன்னல் மட்டும் காலை பத்து மணியிலிருந்து ஆவென்று திறந்து கிடக்கும். ஆய்வில் சேர்ந்த இரண்டு வருடத்தில் வெண்மதி அந்த ஜன்னல் வழியாகப் பதினேழு பயிற்சிகள் பெற்றிருந்தாள். நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று மூன்று நாள் பயிற்சி. மனச்சோர்வு வராமல் இருப்பது எப்படி என்று சோர்ந்துபோகிற அளவுக்கு ஒரு வாரம். உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி என்பதில் மட்டும் நான்கு சான்றிதழ். உதவித்தொகைதான் ஒன்றும் வரவில்லை.

வெண்மதியின் வீடு நெய்வேலி நகரியத்து வளைவுக்கு வெளியே இருக்கும் காலனியில். அவள் அப்பா சக்கரபாணி பிறந்த ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டது. அவரும் அதே சுரங்கத்துக்குள் போய், கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை வாரிப்போடும் காண்ட்ராக்ட் வேலையை இருபத்தாறு வருடமாகச் செய்துகொண்டிருந்தார். அம்மா ஆதிலட்சுமிக்குக் காடாம்புலியூரில் முந்திரி உடைக்கும் வேலை. வெண்மதி எம்.எஸ்சி. நிலவியல் முடித்து, சுரங்கத்திலிருந்து கொட்டிய மண்மேடுகளில் மழைத்தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று ஆராய்ச்சி செய்தாள். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து பஸ்ஸுக்கும் மண் பரிசோதனைக்கும் செலவழித்தாள்.

அதையாவது நிம்மதியாகச் செய்ய விட்டார்களா? இரண்டு வருடம் முடிவதற்குள் ஏதாவதோர் உதவித்தொகை கிடைக்காத மாணவரின் பதிவு ரத்தாகும் என்று ஒரு விதி இருந்தது. பட்டினி கிடந்து படிக்கிறேன் என்றாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வெண்மதிக்கு ஜூலை முதல் வாரத்தோடு கெடு முடிகிறது. எட்டக்கூடிய தூரத்தில் இருந்தது ஒன்றே ஒன்று: சுரங்க வட்டார ஆய்வு உதவித்தொகை, ஒரே ஆளுக்கு, மூன்று வருடம். அது கிடைக்காவிட்டால் முந்திரிக் கம்பெனியில் மூட்டைக் கணக்கு எழுதப் போகவேண்டியதுதான். அம்மா ஏற்கெனவே முதலாளியிடம் சொல்லி வைத்துவிட்டாள்.

மார்ச் மாதக் கடைசியில் மையத்தின் இயக்குநர் பேராசிரியர் ராஜ்மோகன் போன் செய்தார். கோயம்புத்தூர்க்காரர், குரலில் தேன் சொட்டும்.

"ஏங்கண்ணு வெண்மதி, நீங்க நெய்வேலிதானுங்களே? அங்க ஒரு நாள் கேம்ப் போடறோம். உதவி, நிதி, பயிற்சி மூணும் ஒரே நாள்ல. இருநூறு பேரு வேணுமுங்க. மாசம் முடியறதுக்குள்ள நடத்தலீன்னா வந்த கிராண்டு திரும்பிப் போயிரும்."

"எந்த மாதிரி ஆளுங்க சார்?"

"முதுநிலைப் பட்டதாரிங்கதான். இதுவரைக்கும் ஏழு பேரு பதிவு பண்ணியிருக்காங்க, உங்களையும் சேத்து. மிச்சம் நீங்க பாத்துக்குங்க. அந்த ஃபெலோஷிப்புக்கு உங்க பேருதான் என்ற மனசுல இருக்குது."

அவர் மனசில் இருக்கிற பெயர்களை வரிசையாக நிறுத்தினால் வரிசை சேத்தியாத்தோப்பு தாண்டும் என்று வெண்மதிக்குத் தெரியும். தெரிந்தும் சரி என்றாள். கெடு கழுத்துக்கு வந்தவளுக்கு ரோஷம் எங்கிருந்து வரும்?

ஆள் திரட்டுவது கஷ்டமாக இல்லை. ஜிப் வைத்த ஒரு பையும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் உண்டு என்று காலனியில் சொன்னாள். ஆதிலட்சுமி முந்திரி உடைக்கும் ஷெட்டிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்களைக் கூட்டி வந்தாள். முதல் ஷிப்ட் முடித்த காண்ட்ராக்ட் ஆட்கள் குளிக்காமல்கூட நேராக மண்டபத்துக்கு வந்தார்கள். டீக்கடை மதிவாணன் கடையைச் சாத்திவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

சென்னையிலிருந்து வந்த நிபுணர், 'நிராகரிப்பை ஏற்றுக்கொள்வது எப்படி' என்று இரண்டு மணி நேரம் பேசினார். ஆய்வுக் கட்டுரை திரும்பி வந்தால் உடைந்துபோகக் கூடாது, ஆழ்ந்து மூச்சு விடவேண்டும் என்றார். நாலு மணிக்கே எழுந்து வேலைக்குப் போய் வந்தவர்கள் ஆழ்ந்து மூச்சு விட்டார்கள். பின்வரிசையில் குறட்டையாகவே கேட்டது. கடைசியில் சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார்கள். சக்கரபாணி கையைத் தூக்கினார்.

"சார், இம்மா நேரம் சொல்லிகினு வந்தீங்களே, இந்த ஃபெலோஷிப்பு... இது காண்ட்ராக்ட்டுங்களா, பர்மனெண்ட்டுங்களா?"

நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ராஜ்மோகன் மைக்கை வாங்கி, "வாழ்க்கையே காண்ட்ராக்ட்டுதானுங்க ஐயா" என்றார். மண்டபம் கைதட்டியது. வாழ்க்கை அப்படியிருந்தாலும் பேராசிரியர் வேலை பர்மனெண்ட் என்பதை யாரும் எழுந்து சொல்லவில்லை.

பிரியாணி தீர்ந்த பிறகு மையத்தின் எழுத்தர் கமலா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெயர் இருந்தது, ரேஷன் கார்டு எண் இருந்தது, அனுபவம் இருந்தது, கையெழுத்து இருந்தது. 'கல்வித் தகுதி' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. முதுநிலை இல்லாவிட்டால் கேம்ப் செல்லாது என்று கமலா முணுமுணுத்தாள். ராஜ்மோகன் வெண்மதி பக்கம் திரும்பினார்.

"எழுதீருங்க கண்ணு. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குமுங்களே."

உண்மையைச் சொல்லவேண்டும்: முதல் பத்துப் பேருக்குத்தான் அவள் யோசித்து யோசித்து எழுதினாள். அதற்குப் பிறகு சிரிப்பு வந்துவிட்டது. எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் எந்தத் துணைவேந்தரும் கொடுக்காத தாராளத்தோடு கொடுத்தாள். டீக்கடை மதிவாணனுக்கு எம்.காம். முந்திரி உடைப்பவர்கள் அத்தனை பேருக்கும் எம்.எஸ்சி. தாவரவியல், அம்மாவுக்கு மட்டும் அதில் முதல் வகுப்பு. எதிர்வீட்டுப் பொற்கொடி தெருச்சண்டையில் யாருக்கும் சளைக்காதவள் என்பதால் சட்டத்தில் எம்.எல். அப்பா பெயர் வந்தபோது, இருபத்தாறு வருடம் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறாரே என்று தன் பட்டத்தையே கொடுத்தாள்: எம்.எஸ்சி. நிலவியல். நூற்றுத் தொண்ணூற்று மூன்று பட்டங்கள் ஒரு மணி நேரத்தில் முடிந்தன.

ஜூன் கடைசியில் முடிவு வந்தது. வெண்மதிக்கு மின்னஞ்சலில் இரண்டு வரி: 'தங்கள் குடும்ப அட்டையில் வேறொருவர் தேர்வாகிவிட்டதால் தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. முயற்சிக்கு வாழ்த்துகள்.' வேறொருவருக்குப் பதிவுத் தபாலே வந்தது. பெறுநர்: திரு. சக்கரபாணி, எம்.எஸ்சி.

நடந்தது இதுதான். ஒரே இடத்துக்கு எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்று கணக்குக் காட்டினால் மையத்துக்குப் பெருமை. அதனால் கேம்புக்கு வந்த இருநூறு பேரையும் விண்ணப்பதாரர்களாகச் சேர்த்துவிட்டார்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வயது வரம்பு கிடையாது. சுரங்க அனுபவத்துக்கு வருடத்துக்கு இரண்டு மதிப்பெண். கம்ப்யூட்டர் கூட்டிப் பார்த்தது. இருபத்தாறு வருடம் மண் வாரிய முதுநிலைப் பட்டதாரி முதலிடத்திலும், அனுபவமே இல்லாத அவர் மகள் எங்கேயோ கீழேயும் நின்றார்கள். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை; பொய்யைக் கூட்டிச் சொன்னது.

சக்கரபாணி அந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். வருடத்துக்கு முப்பது நாள் விடுப்பு. மருத்துவச் செலவு. உட்கார நாற்காலியும் மேசையும்.

"டேபுளு குடுக்கறாங்களாம்மா" என்றார். "பேருக்கு முன்னால திருன்னு போட்டுக்கிறாங்க பாரு."

வெண்மதி கடிதத்தை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது எரிச்சலோடு அழுகையும் வந்தது. அவர் கடிதத்தை ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, நாலு நாள் அதை எடுத்து எடுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"வா, ஒங்க ஆபீசுக்குப் போலாம். எனக்கு இன்னாத்துக்கு இது? ராஜினாமா பண்ணிடறேன். ஒனக்கு மாத்திக் குடுக்கட்டும்."

ராஜ்மோகன் அவர்களைச் சிரித்த முகமாக வரவேற்றார். ராஜினாமா என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சிரிப்பு நின்றது.

"அது மட்டும் வேண்டாமுங்க ஐயா. ராஜினாமான்னா பணம் குடுக்கற டெல்லியில ஏன்னு கேப்பாங்க. பழைய ரெக்கார்டெல்லாம் எடுப்பாங்க." பதிவேட்டைத் திறந்து வெண்மதி பக்கம் திருப்பி வைத்தார். "எடுத்தா இந்த நூத்தித் தொண்ணூத்தி மூணு டிகிரியும் வெளிய வரும். எழுத்து யாருதுங்க கண்ணு?"

முத்து முத்தாக அவள் எழுத்து. வெண்மதி பதிவேட்டை மூடினாள்.

"சப்போர்ட் பண்ணத்தானுங்க நாங்க இருக்கறோம்" என்று அவர் குரலில் மறுபடி தேன் ஊறியது. "கமலா, விதி பதினாலு படிங்க."

கமலா படித்தாள். தேர்வானவர் காலமாகிவிட்டால், அதே துறையில் தகுதியுள்ள வாரிசுக்கு உதவித்தொகை மாற்றித் தரப்படும். வாரிசின் உறுதிமொழி போதும். விசாரணை தேவையில்லை.

 ராஜ்மோகன் சக்கரபாணியை ஏற இறங்கப் பார்த்தார், ஆள் தாங்குவாரா என்று பார்ப்பவர்போல.

"சார், அவரு ஒங்க எதிர்லதான் உக்காந்துகினு இருக்காரு!" வெண்மதி கத்தியேவிட்டாள்.

"இருக்கட்டுமுங்க. நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். நான் பேப்பர்லதானுங்களே கேக்கறேன்? செத்தவங்கள டெல்லியில யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

கமலா சக்கரபாணிக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தாள். செத்துப்போகிறவருக்கு மையத்தால் முடிந்தது அது.

சக்கரபாணி டீயை ஊதிக் குடித்தார். "குள்ளஞ்சாவடி ரோட்டு வேலைல ஒரு மேஸ்திரி இருந்தாருங்க. செத்தவன் பேரெல்லாம் எழுதி சம்பளம் வாங்கிகினு இருந்தாரு. உசுரோட கீறவன செத்தான்னு எழுதறத இப்பதான் பாக்கறேன். படிச்ச இடம்னா படிச்ச இடந்தான்."

ராஜ்மோகன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையசைத்தார். வெண்மதி முன்னால் படிவத்தைத் தள்ளி, மேலே பேனாவை வைத்தார்கள்.

அவள் பேனாவை எடுத்தாள்; எழுத வரவில்லை. இந்தக் கைதானே அன்றைக்குச் சிரித்துக்கொண்டே பட்டம் பட்டமாக எழுதியது? படிவத்தைக் கிழித்து அந்த ஆள் மூஞ்சியில் எறியவேண்டும்போல் இருந்தது. எறிந்தால் வெள்ளிக்கிழமை பதிவு ரத்து. திங்கட்கிழமை முந்திரி மூட்டை. மண்மேட்டில் அவள் குழி தோண்டி வைத்த நாற்பது இடங்களும் இந்த மழையோடு மூடிப்போகும். ராஜ்மோகனை வெறுத்தாள். எறியாமல் உட்கார்ந்திருந்த தன்னை அதைவிட வெறுத்தாள்.

"எழுதும்மா" என்றார் சக்கரபாணி. "வாரிசு வேலைன்னா இன்னான்னு நம்ம பக்கம் யாருக்குத் தெரியாது? பர்மனெண்ட் ஆளு வூட்டுக்குத்தான் அது வரும். எங்க காண்ட்ராக்டர்கிட்ட ஆளு செத்தா ஒரு மால வரும், அதுவும் வாடிப்போயிருக்கும். நான் செத்தா எம் பொண்ணுக்கு வேலைன்னு இவங்க எழுதிக் குடுக்கறாங்க. இருபத்தாறு வருசமா இதத்தானே கேட்டுகினு இருந்தேன்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

வெண்மதி பெயரை எழுதினாள். திரு. சக்கரபாணி என்று எழுதி, 'திரு'வை அடித்துவிட்டு 'அமரர்' போடவேண்டும் என்று கமலா காட்டிய இடத்தில் அதையும் மாற்றினாள். ஆயுசில் ஒரே ஒரு தடவை வந்த திரு, ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

"காலமான தேதிங்க?" என்று கேட்டாள் கமலா.

"ஆர்டர் வந்தப்பறம் இருக்கோணும்" என்று ராஜ்மோகன் காலண்டரைப் பார்த்தார். "போன திங்கக்கெழம போட்டுருங்க."

சக்கரபாணி அவசரமாக டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"திங்கக்கெழம வேணாங்க! அன்னிக்கு எனக்கு செகண்ட் ஷிப்டு. மஸ்டர் நோட்டுல கையெழுத்துப் போட்டுக்கிறேன். செத்தவனுக்கு எதுக்குடா சம்பளம்னு காண்ட்ராக்டர் புடிச்சிகினா இன்னா பண்றது?" விரல்விட்டு எண்ணினார். "புதன்கெழம போடுங்க. அன்னிக்கு எனக்கு வார லீவு."

வெண்மதி புதன்கிழமைத் தேதியை எழுதினாள். கமலா படிவத்தை வாங்கிப் பார்த்து, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றாள்.