அழிக்காத கரும்பலகை

"வேலைக்கு வரேன்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா? அப்புறம் எங்கிட்ட என்ன பேச்சு? போ. நான் என்ன உன் காலைக் கட்டியா வச்சிருக்கேன்?"

வெளியூர்க் கல்லூரியில் அவளுக்கு வேலை கிடைத்த அன்று கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதன் பிறகு வீட்டில் பாத்திரங்கள் மட்டுமே சத்தம் போட்டன. அவனும் கூட வரவேண்டும் என்பதே அவள் ஆசை. அது அவருக்கே தோன்றட்டுமே என்ற வீம்பில் அதை விழுங்கிக்கொண்டாள்.

இருவரும் சேர்ந்து நடத்திய ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் ஒரே ஒரு வகுப்பறை. முதல் வகுப்பு அவளுடையது, அடுத்தது அவனுடையது. அந்த வாரம் இறந்தகாலம் நடந்தது. இரண்டு செயல்களில் எது முன்னமே முடிந்துவிட்டது, எது பிறகு நடந்தது என்பதை வினைச்சொல்லில் காட்டும் பாடம். உதாரணம் எழுதும் சாக்கில் சண்டை கரும்பலகைக்கு ஏறியது.

'அவன் கண் விழித்தபோது அவள் பெட்டியைக் கட்டி முடித்திருந்தாள்' என்று தன் வகுப்பில் அவன் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போனான். மறுநாள் அவள் அதை அழிக்கவில்லை. அடியில், 'அவள் பெட்டியைத் தூக்கியபோது அவன் செய்தித்தாளை விரித்தான்' என்று எழுதினாள். "ஒண்ணு நடந்த உடனே இன்னொண்ணு. அதனால ரெண்டுக்கும் சாதாரண இறந்தகாலமே போதும்" என்று விளக்கமும் சொன்னாள்.

அடுத்த நாள் அவள் வந்தபோது பலகையில் இப்படி இருந்தது: 'அவனை ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே அவள் சம்மதம் சொல்லியிருந்தாள்.'

முன் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும் நர்ஸ் ஒருத்தி சிரித்தாள். "மேடம், இன்னிக்கு நீங்க என்ன பதில் எழுதுவீங்கன்னு பாக்கத்தான் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காம ஓடி வந்தேன்."

வகுப்பே சிரித்தது. அவளுக்கு முகம் எரிந்தது.

வகுப்பு முடிந்து அவன் உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "என் மானத்தைப் போர்டுல ஏத்திட்டீங்க. திருப்திதானே?"

"எழுதினதுல பொய் என்ன இருக்கு?"

"கேட்டிருந்தா மட்டும்? கிண்டல் பண்ணியிருப்பீங்க."

"பண்ணியிருப்பேன். அதுக்காகக் கேக்காம இருந்துடுவியா?"

"நான் போனா நிம்மதிதானே உங்களுக்கு."

"ஆமா. நிம்மதியா டீ குடிப்பேன்."

"முதல்ல அடுப்பைப் பத்த வைக்கத் தெரியுமா?"

அவன் சாக்பீஸை எடுத்தான். அடுத்த வகுப்புக்காரர்கள் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நர்ஸும் இன்னும் போகவில்லை. 'அவள் போன பிறகு' என்று அவன் பலகையில் ஆரம்பித்தான். இத்தனை பேர் முன்னாலா சொல்வது என்று அவள் ஒரு கணம் தயங்கினாள்.

"எழுதாதீங்க" என்றாள். "நீங்களும் என்கூட வந்துடுங்க."